கராஜ் பேண்ட் என்றால் கார் ஷெட்டில் பதிவு செய்ததா? டக்கோமாவின் சோனிக்ஸும் ஒரு குட்டி லேபிளும்

அறுபதுகளின் ‘கராஜ் ராக்’ பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று, இந்தப் பாட்டெல்லாம் கார் ஷெட்டுக்குள் பதிவு செய்தவை, அதனால்தான் இப்படிக் கரகரவென்று கேட்கின்றன. இன்னொன்று, இவர்கள் பெரிய கம்பெனிகளை எதிர்த்துக் கொள்கைக்காகச் சின்ன லேபிளில், அதாவது சின்ன ரெக்கார்டு கம்பெனியில், பாடியவர்கள். போதாக்குறைக்கு ‘இண்டி’ (இண்டிபென்டன்ட், அதாவது பெரிய கம்பெனியைச் சாராதது என்பதன் சுருக்கம்) என்ற சொல்லையே இப்போது ஒரு பாட்டு வகையின் பெயர் மாதிரி ஆக்கிவிட்டோம், மெதுவான கிட்டாரும் சோகக் குரலும் இருந்தால் போதும், இண்டி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன லேபிள் என்பது ஒரு தொழில் ஏற்பாடு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாட்டு ஏன் அப்படி ஒலித்தது, ஏன் சொந்த வட்டாரத்தைத் தாண்டவில்லை, ஏன் பல வருஷம் கழித்து வேறு கண்டத்தில் விற்றது என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்த ஏற்பாட்டுக்குள்தான் கிடக்கிறது. பொதுவாகச் சொன்னால் பிடிபடாது, ஒரு குழுவை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் வடமேற்கு மூலை, வாஷிங்டன் மாநிலம் (தலைநகர் இல்லை, அது நேரெதிர்க் கடற்கரையில் இருக்கிறது), டக்கோமா என்ற துறைமுக ஊர். குழுவின் பெயர் சோனிக்ஸ். லேபிளின் பெயர் எட்டிகெட் ரெக்கார்ட்ஸ்.

## முதலில் அந்த ‘கராஜ்’

வீட்டு கார் ஷெட்டில் பயிற்சி செய்தார்கள் என்பது நிஜம். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் டிரம்ஸும் ஆம்பிளிஃபயரும் வைத்து அலற அப்பா அம்மா விடும் ஒரே இடம் அதுதான், இல்லையென்றால் நிலவறை. பதிவு செய்தது பெரும்பாலும் முறையான ஸ்டூடியோவில், காசு கொடுத்து, மணிக்கணக்குப் பார்த்து.

இன்னொரு வேடிக்கை, அந்தக் காலத்தில் யாரும் இதை ‘கராஜ் ராக்’ என்று சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை ரிதம் அண்ட் ப்ளூஸும் ராக் அண்ட் ரோலும் வாசித்தார்கள், ஊர் நடனத்துக்குப் போனார்கள், முடிந்தது. 1972இல் லென்னி கே என்பவர் எலெக்ட்ரா கம்பெனிக்காக ‘நக்கெட்ஸ்’ என்று 27 பழைய பாட்டுகளைத் தொகுத்தார். அதன் உறைக் குறிப்பில் அவர் இந்தக் குழுக்களுக்குப் பயன்படுத்திய சொல் ‘பங்க் ராக்’. கராஜ் என்ற பெயர் அதற்கப்புறம் ரெக்கார்டு சேகரிப்பவர்கள் மத்தியில்தான் ஊன்றியது. அதாவது, குழுக்கள் கலைந்து போன பிறகு வைத்த பெயர்.

சரி, ஏன் டக்கோமா? லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சாலை வழியாகச் சுமார் 1,800 கிலோமீட்டர். நியூயார்க் நாட்டின் மறுகோடி. பெரிய பாடகர்கள் அடிக்கடி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்கள். வெள்ளி, சனி ராத்திரி ஆட இளசுகள் தயாராக இருக்கிறார்கள், வாசிக்க ஆள் வேண்டும், அந்த இடத்தை உள்ளூர்ப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். சியாட்டிலுக்கும் டக்கோமாவுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரம் ஸ்பானிஷ் கேஸில் என்று ஒரு நடன அரங்கு இருந்தது. நூற்றுக்கணக்கான பேர் ஆடும் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதுதான் அங்கே வாசித்த குழுக்களுக்கு இருந்த முதல் இசைக் கொள்கை.

சோனிக்ஸ் 1960வாக்கில் தொடங்கி, ஆட்கள் மாறி மாறி, 1964க்குள் ஐந்து பேராக நிலைத்தது. கிட்டாருக்கு லாரி பரைப்பா, பாஸுக்கு அவர் சகோதரர் ஆண்டி, சாக்ஸபோனுக்கு ராப் லிண்ட், டிரம்ஸுக்கு பாப் பென்னட், பாட்டுக்கும் கீபோர்டுக்கும் ஜெரி ரோஸ்லி. ரோஸ்லி பாடுவார் என்பதைவிடத் தொண்டை கிழியக் கத்துவார் என்பது சரியாக இருக்கும். அதுவும் சுருதியோடு கத்துவார், அதுதான் விசேஷம்.

## லேபிள் என்பது யார்?

வீட்டில் முறுக்கு போட்டு விற்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு அரைக்க ரைஸ்மில், கவர் அடிக்க அச்சகம், விற்க நாலு தெரு மளிகைக் கடைகள். மில்லும் அவருடையதில்லை, அச்சகமும் இல்லை, கடையும் இல்லை. அவரிடம் இருப்பது கைப்பக்குவம், கவர் மேல் ஒரு பெயர், முதல் போட கொஞ்சம் பணம்.

சின்ன ரெக்கார்டு லேபிளும் அச்சு அசல் இதேதான். லேபிள் என்பது இசைத்தட்டின் நடுவில் இருக்கும் வட்டக் காகிதம், அந்தக் காகிதத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறவரும் லேபிள். அவர் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார், தட்டு அடிக்கும் ஆலைக்குப் பணம் கட்டுவார், விற்பதற்கு விநியோகஸ்தரிடம் கொடுப்பார். சொந்தமாக அவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: மாஸ்டர், அதாவது ஸ்டூடியோவில் பதிவான மூல டேப். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் மறுபடி மறுபடி தட்டு அடிக்க முடியும். இந்த டேப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எட்டிகெட்டை ஆரம்பித்தவர்களும் கோட்டு சூட்டு வியாபாரிகள் இல்லை, இன்னொரு குழுவின் பையன்கள். டக்கோமாவில் சோனிக்ஸுக்கு அண்ணன் முறை ஆகிற குழு வெய்லர்ஸ். 1959இல் நியூயார்க் பக்கத்து கோல்டன் க்ரெஸ்ட் லேபிளில் அவர்களுடைய ஒரு தட்டு நாட்டின் முதல் 40க்குள் வந்தது. கிழக்கிலேயே தங்கச் சொன்னார்கள், இவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், லேபிளின் ஆர்வமும் அதோடு போயிற்று. 1961இல் அந்தக் குழுவின் பக் ஆம்ஸ்பி, கென்ட் மாரில், ராபின் ராபர்ட்ஸ் மூவரும் சேர்ந்து, யாரையும் கெஞ்ச வேண்டாம், நாமே போட்டுக்கொள்வோம் என்று எட்டிகெட்டைத் தொடங்கினார்கள். இதில் புரட்சியும் இல்லை கொள்கையும் இல்லை, வேறு வழி இல்லை.

அந்தப் பெயருக்கு ‘மரியாதையான நடத்தை’ என்று அர்த்தம். அந்த லேபிளில் சோனிக்ஸ் பாடியது சூனியக்காரியைப் பற்றி, பைத்தியத்தைப் பற்றி, அப்புறம் ஸ்ட்ரிக்னைன் குடிப்பதைப் பற்றி. ஸ்ட்ரிக்னைன் என்பது வேறொன்றுமில்லை, நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் விஷம். எட்டிகெட்டில் எட்டி! இதை டக்கோமாவில் யாரும் ரசித்திருக்க வாய்ப்பில்லை, நாமாவது ரசிப்போம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கராஜ் என்பது பயிற்சி செய்த இடத்தை வைத்துப் பிற்காலத்தில் வந்த பெயர். லேபிள் என்பது ஸ்டூடியோவும் ஆலையும் இல்லாமல், மூல டேப்பும் ஒரு பெயரும் மட்டும் வைத்திருக்கும் ஆள்.

## டேப்பிலிருந்து தட்டு வரை

அப்போதைய சரக்கு ‘சிங்கிள்’. ஏழு அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. வானொலிக்கு அனுப்பும் பாட்டு ஏ பக்கம், மறுபக்கம் இருப்பது பி பக்கம். இந்த அளவுத் தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் 1949இல் கொண்டுவந்தது, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது.

டேப்பில் இருப்பதைத் தட்டாக்கும் விதம் அழகானது. முதலில் மெழுகு மாதிரி மென்மையான அரக்குப் பூச்சு பூசிய அலுமினியத் தட்டில், பாட்டு ஓட ஓட ஒரு கூர் ஊசி அதிர்ந்துகொண்டே சுருள் பள்ளம் வெட்டும். அந்தத் தட்டின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு கொடுத்து, மின்முலாம் முறையில் நிக்கலைப் படியவைத்து உரித்தெடுத்தால், பள்ளம் இருந்த இடத்தில் மேடு நிற்கும் உலோகத் தகடு கிடைக்கும். அதிலிருந்து படி எடுத்து, அந்தப் படியிலிருந்து மறுபடி படி எடுத்து, கடைசியாக அழுத்துவதற்கென்று வரும் தகடுதான் ஸ்டாம்பர்.

அதற்கப்புறம் பூரி பிரஸ் கதைதான். மேல் தட்டில் ஏ பக்க ஸ்டாம்பர், கீழ்த் தட்டில் பி பக்கம், நடுவில் சூடான வினைல் உருண்டை. அழுத்தி, நீராவியால் சூடாக்கி, தண்ணீரால் குளிரவைத்து, ஓரத்தில் பிதுங்கி நிற்பதைச் சீவி எடுத்தால் ஒரு தட்டு. நடுவில் இருக்கும் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. உருண்டைக்கு மேலும் கீழும் வைத்தே அழுத்துவார்கள், வினைலோடு வினைலாகப் பதிந்துவிடும். பழைய தட்டில் காகிதத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உரியாது, காரணம் இதுதான்.

பாட்டு முடிந்து காகிதம் தொடங்கும் வரை பளபளவென்று காலியாக ஒரு வளையம் இருக்கும். சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் கையால் கீறிய எண்ணும் எழுத்தும் தெரியும், எந்த மாஸ்டரிலிருந்து வெட்டியது என்பதற்கான அடையாளம். அசல் எது, பின்னால் அடித்தது எது என்று சேகரிப்பவர்கள் சண்டை போடுவதெல்லாம் இந்த அரை அங்குலத்தில்தான்.

## அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது?

மலிவுக் கருவியால் வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பாதிதான் சரி.

கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கேட்டிருப்பீர்கள். ஒலிப்பெருக்கிக்காரர் வால்யூமை முழுக்கத் திருப்பியதும் பாட்டு சத்தமாவது நின்று, உடைய ஆரம்பிக்கும், “ஸ்பீக்கர் கிழியுது, குறைப்பா” என்று யாராவது கத்துவார்கள். ஒலி ஓர் அலை. கருவி தாங்குகிற உயரத்துக்கு மேல் அலை எழும்பினால் அதன் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடத்தில் மூலத்தில் இல்லாத புதுச் சுரங்கள் முளைக்கும். காதுக்குக் கரகரப்பாகத் தெரிவது அந்தப் புதுச் சுரங்கள். இதற்குப் பெயர் டிஸ்டார்ஷன்.

சோனிக்ஸ் தட்டுகளில் இது இரண்டு மூன்று இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. நடன அரங்கில் முழுச் சத்தத்தில் வைத்துப் பழகிய ஆம்பிளிஃபயர், அதன் உள்ளேயே ஒரு உடைசல். லாரி பரைப்பா ஸ்பீக்கர் கூம்பில் ஓட்டை போட்டு வாசித்தார் என்பது இன்றைக்கும் சுற்றும் கதை. அப்புறம் ரோஸ்லியின் அலறல் மைக்கைத் தாண்டிக் குதிக்கும். கடைசியாக எல்லாம் போய்ச் சேரும் டேப் மெஷினில் அளவு ஊசி சிவப்புப் பகுதிக்குள்ளேயே நிற்கும்.

சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்ற ஒலிப்பதிவாளரின் ஸ்டூடியோவில், 1965இல் வந்த முதல் ஆல்பமான ‘ஹியர் ஆர் த சோனிக்ஸ்’ இரண்டே ட்ராக் டேப்பில் பதிவானது. ட்ராக் என்பது டேப்பில் தனித்தனியாகப் பதியக்கூடிய ஒரு வரிசை. இன்று கைபேசியிலேயே டஜன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டலாம் குறைக்கலாம். இரண்டுதான் என்றால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வாசித்தாக வேண்டும், ஒருவர் மைக்கில் இன்னொருவர் சத்தம் வழிந்தே தீரும். டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக். இப்போது ஒரு டிரம்ஸுக்கு ஏழெட்டு மைக் வைப்பது சர்வ சாதாரணம், ஆனால் தொண்ணூறுகளின் பிரபல ராக் குழுவான நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் ஒரு பேட்டியில் மெச்சிச் சொன்னது இந்த ஒற்றை மைக் டிரம்ஸ் ஒலியைத்தான்.

இரண்டாவது ஆல்பம் ‘பூம்’, 1966. பதிவு நடந்தது டக்கோமாவில் ஒரு சின்ன ஸ்டூடியோ. அங்கே எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பை இவர்களே பிய்த்து எறிந்துவிட்டுப் பதிவு செய்தார்கள் என்று குழுவினர் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மொட்டைச் சுவரில் சத்தம் மோதித் திரும்பும், அறை இன்னும் இரைச்சலாகும், அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பாதிதான் சரி என்றேனே, மீதிப் பாதி இதுதான்.

ஆக, கருவி குறைவு, நேரம் குறைவு, அறை ஒன்று. அந்த நெருக்கடியில் ஊசி சிவப்புக்குப் போனபோது குறைக்காமல் விட்டது மட்டும் அவர்கள் விருப்பம்.

## இரண்டு செண்ட் கணக்கு

1964 நவம்பரில் முதல் சிங்கிள் ‘தி விட்ச்’. பி பக்கத்தில் லிட்டில் ரிச்சர்ட் பாடிப் பிரபலமான ஒரு பழைய பாட்டு. கொஞ்ச நாளில் அந்தப் பி பக்கத்தைத் தூக்கிவிட்டு, ரோஸ்லி எழுதிய ‘சைக்கோ’வைப் போட்டு மறுபடி அடித்தார்கள்.

இதன் பண விளைவு சுவாரசியமானது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும், அதில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும், பாட்டை எழுதிய தரப்புக்கு 2 செண்ட் போக வேண்டும். 1909இல் வைத்த விகிதம், எழுபதுகளின் கடைசி வரை மாறவே இல்லை. சட்டம் ஏ பக்கம், பி பக்கம் என்று வித்தியாசம் பார்க்காது. யாரும் திருப்பிப் போட்டுக் கேட்காவிட்டாலும் பி பக்கத்துக்கும் அதே 2 செண்ட். பி பக்கத்தில் ஊரார் பாட்டு இருந்தால் அந்தக் காசு ஊராருக்கு, சொந்தப் பாட்டு இருந்தால் வீட்டுக்கு. இப்படிப் போய் ஒட்டிக்கொண்ட ‘சைக்கோ’தான் இன்று அவர்களுடைய பாட்டிலேயே அதிகம் பேசப்படும் ஒன்று. முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு நானும் அதையே சிபாரிசு செய்வேன், டிரம்ஸ் தொடங்கும் முதல் நொடியே போதும்.

## ஹிட் ஆனால் ஏன் பயம்?

தட்டு விற்றுத்தான் குழு பிழைத்தது என்று நினைப்பது அடுத்த தவறு. வருமானம் நடன நிகழ்ச்சியில். தட்டு வானொலியில் வந்தால் வாசலில் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் அடுத்த ஊர் அரங்குக்காரர் கூப்பிடுவார். சுவரொட்டி மாதிரி ஒரு விளம்பரம், ஒரே வித்தியாசம், இந்தச் சுவரொட்டியைக் காசு கொடுத்து வாங்குவார்கள். வடமேற்கில் இந்த விளம்பரத்துக்கு உதவியது சியாட்டிலின் கே.ஜே.ஆர். வானொலி. ‘தி விட்ச்’ பகலில் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு ஒத்துவராது என்று பள்ளி விட்ட பிறகுதான் போடுவார்களாம், குழுவினரே சொன்னது. அப்படியிருந்தும் அந்த வட்டாரத்தில் சக்கைப்போடு போட்டது.

வட்டாரத்துக்கு வெளியே? இங்கேதான் முறுக்கு அக்காவிடம் திரும்ப வேண்டும். நூறு பாக்கெட் போட்டார், விற்றது, சந்தோஷம். திடீரென்று பக்கத்து மாவட்டங்களிலிருந்து பத்தாயிரம் பாக்கெட் கேட்கிறார்கள். மாவுக்கும் எண்ணெய்க்கும் இன்றைக்கே ரொக்கம் வேண்டும். கடைக்காரர் தருவதோ விற்ற பிறகு, அதுவும் மூன்று மாதம் கழித்து, விற்காததைத் திருப்பியும் அனுப்பிவிடுவார். ஆர்டர் பெருகப் பெருக அக்கா கடனில் அமிழ்கிறார்.

சின்ன லேபிளுக்கும் இதே கதிதான். தட்டு அடிக்கும் ஆலைக்கு முன்பணம் கட்ட வேண்டும், விநியோகஸ்தரிடமிருந்து பணம் நகர்ந்து நகர்ந்து வரும். தூரத்து ஊர் விநியோகஸ்தர் இழுத்தடிக்கவும் செய்வார், ஏனென்றால் அடுத்த ஹிட் இவரிடம் இருக்கும் என்ற நிச்சயம் அவருக்கு இல்லை. பெரிய கம்பெனியை அப்படி ஏய்க்க முடியாது, அடுத்த மாதச் சரக்கை நிறுத்திவிடுவார்கள்.

தப்பிக்க ஒரு வழி, மாஸ்டரைப் பெரிய லேபிளுக்குக் குத்தகைக்கு விடுவது. டேப் உன்னிடம், அடித்து விற்கும் வேலை அவர்களிடம், தட்டுக்கு இவ்வளவு என்று பங்கு. இதன் சிறந்த உதாரணம் பக்கத்து மாநிலமான ஆரிகனில் நடந்தது. எட்டிகெட் 1961இல் தன் முதல் வெளியீடாக ராபின் ராபர்ட்ஸ் பாடிய ‘லூயி லூயி’யைப் போட்டது. வட்டாரத்தில் ஹிட், இம்பீரியல் என்ற கம்பெனி நாடெங்கும் வெளியிட எடுத்துக்கொண்டது, ஆனால் ஓடவில்லை. 1963இல் ஆரிகனின் போர்ட்லண்ட் ஊரைச் சேர்ந்த கிங்ஸ்மென் குழு ராபர்ட்ஸின் பாணியை ஒட்டி அதே பாட்டைக் குறைந்த செலவில் பதிவு செய்து ஜெர்டன் என்ற உள்ளூர் லேபிளில் விட்டது. அதை நியூயார்க்கின் வாண்ட் லேபிள் எடுத்துக்கொண்டதும், நாட்டின் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம். பாடியவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை, ஆபாசமாக இருக்குமோ என்று எஃப்.பி.ஐ. விசாரணை வேறு நடந்தது. எந்த வேகத்தில் ஓட்டினாலும் புரியவில்லை என்பதுதான் அவர்கள் கண்டுபிடித்தது.

பாட்டும் ஒன்று, பாணியும் ஏறக்குறைய ஒன்று. ஒரு குத்தகை ஓடியது, இன்னொன்று ஓடவில்லை. இதில் திறமைக்கு எவ்வளவு பங்கு, எந்த ஊர் அறிவிப்பாளர் எந்த ராத்திரி எதைப் போட்டார் என்பதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கஷ்டம். இரண்டாவதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோனிக்ஸுக்குத் தேசிய அளவில் அப்படி ஒன்று வாய்க்கவே இல்லை. எட்டிகெட்டை விட்டு ஜெர்டனுக்குப் போனார்கள், ஹாலிவுட்டின் புகழ்பெற்ற கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள், 1967இல் மூன்றாவது ஆல்பம் வந்தது. சுத்தமான பதிவு. உயிர் இல்லை. குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. அறுபதுகள் முடிவதற்குள் பழைய ஐந்து பேரும் பிரிந்துவிட்டார்கள். லிண்ட் கடற்படை விமானியாகப் போனார், ரோஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழிலுக்கு, லாரி காப்பீட்டுத் துறைக்கு.

## டேப் பிழைத்த கதை

பெரிய கம்பெனியில் ஓடாத பாட்டின் டேப் கிடங்கில் எங்கோ கிடக்கும், இடம் போதவில்லை என்றால் குப்பைக்கும் போகும். சின்ன லேபிளில் டேப் ஒரு மனிதரிடம் இருக்கும். அவர் அக்கறையுள்ளவராக இருந்தால் பிழைக்கும். எட்டிகெட்டில் அந்த மனிதர் பக் ஆம்ஸ்பி. 2016இல் இறக்கும்வரை லேபிளை விடாமல் வைத்திருந்தார். ‘நக்கெட்ஸ்’ தொகுப்பின் 27 பாட்டில் சோனிக்ஸ் இல்லை, ஆனாலும் அது கிளப்பிய தேடலில் இவர்களுடைய பழைய தட்டுகளுக்கு விலை ஏறியது, பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மறுபதிப்புகள் வந்தன. டேப் இருந்ததால் வந்தன. 2000களில் லேண்ட் ரோவர் கார் விளம்பரத்தில் அவர்களுடைய ‘ஹேவ் லவ், வில் ட்ராவல்’ ஒலித்தபோது, கேட்டவர்களில் பலர் அதை ஏதோ புதுக் குழு என்றே நினைத்தார்கள்.

2007இல் ரோஸ்லியும் லாரியும் லிண்டும் நியூயார்க்கின் புரூக்லினில் மறுபடி மேடை ஏறினார்கள். 2015இல் புது ஆல்பம் போட்டார்கள். எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் கிடைக்கும் காலத்தில், மோனோவில் பதிவு செய்தார்கள். மோனோ என்றால் இடது வலது என்ற பிரிவே இல்லாமல் எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் வருவது. ரோஸ்லிக்கு அப்போது எழுபது வயது ஆகியிருந்தது, அந்த அலறல் மட்டும் அப்படியே இருந்தது.